பீமனின் நெற்றிக் குழிகள்

போன மாதம் ஒரு மலப் பரிசோதனை செய்தேன். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் கழித்துச் செய்த முதல் பரிசோதனை. அரசு மருத்துவமனை லேப்பில் முப்பத்து மூன்று வருடம் இதைத்தானே செய்தீர், இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்த முறை நோயாளி ஒரு மீன்.

பேரன் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போகும்போது எங்களிடம் விட்டுப்போனது நாலடித் தொட்டியும் அதில் ஒற்றை ஆஸ்கார் மீனும். பெயர் பீமன். சாப்பாட்டைப் பார்த்து வைத்த பெயர். ஏழு வயது. கறுப்பு உடம்பில் தணல் சிதறியதுபோல ஆரஞ்சுத் திட்டுகள், வாலடியில் கண் மாதிரி ஒரு வட்டம். மீனுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பவர்களை எங்கள் கூடத்துக்கு அழைத்துவர வேண்டும். நான் போனால் சும்மா இருப்பான். என் மனைவி போனால் கண்ணாடியோரம் வந்து வாலையும் தலையையும் ஆட்டுவான். சோறு போடும் கை எது என்பதில் அவனுக்குக் குழப்பமே கிடையாது.

அவள்தான் முதலில் பார்த்தாள். "நெத்தியில அம்மை வடு மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்றாள். நம் தலைமுறைக்கு அம்மை வடு என்றால் விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு மேலே குண்டூசித் தலையளவில் நாலைந்து குழிகள். ஒரு வாரத்தில் இரண்டு குழி மிளகளவு ஆயின, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தீனியை வாயில் வாங்கித் துப்ப ஆரம்பித்தான். பின்னால் வெள்ளை நூல் மாதிரி மலம் தொங்கியது.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கொளத்தூர் போனேன். வண்ண மீன் கடைகள் தெருத்தெருவாக இருக்கும் இடம். ஒரு கடையில் இருந்த தம்பி படத்தை இரண்டு விநாடி பார்த்துவிட்டு நீல மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். "எல்லாத்துக்கும் கேக்கும் சார், பத்துச் சொட்டு விடுங்க" என்றார். பணம் கொடுத்து வாங்கிவந்து அலமாரியில் வைத்தேன். திறக்கவில்லை. அந்த நீலத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் பீமன் கதையைச் சொல்ல முடியாது.

1979. அண்ணன் அப்போது பெரம்பூரில் குடியிருந்தார், ரயில்வே உத்தியோகம். மூர் மார்க்கெட்டில் நாலணாக் காசளவில் ஆறு ஏஞ்சல் மீன் வாங்கிவந்து மூன்றடித் தொட்டியில் வளர்த்தார். 1985ல் தீப்பிடித்துப் போன மூர் மார்க்கெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பழைய புத்தகம் ஒரு பக்கம், கிளியும் முயலும் மீனும் இன்னொரு பக்கம். எங்கள் அப்பா இன்னும் பழைய கதை சொல்வார். 1909ல் எட்கர் தர்ஸ்டன் காலத்தில் மெரினா கடற்கரையில் அரசாங்கமே மீன் காட்சிசாலை ஒன்று திறந்தது. எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும் சொன்ன ஊர் நம் ஊர். அந்தக் கடல் மீன் காட்சிசாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அப்பா சிறு வயதில் அங்கே பார்த்த மீன்களை அண்ணனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அண்ணனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது என்பாள் அம்மா.

ஆறு ஏஞ்சலும் வளர்ந்து, அதில் இரண்டு ஜோடி சேர்ந்து, இலை மேல் முட்டை வைக்கும் அளவுக்கு வந்தன. அந்தச் சமயத்தில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். அண்ணன் குடும்பத்தோடு பத்து நாள் போனார். சாவியை என்னிடம் கொடுத்து, "தீனி மட்டும் போடு, வேற எதையும் தொடாதே" என்றார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது. பாதியை இறைத்து ஊற்றிவிட்டு, குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி நேராகத் தொட்டியை நிரப்பினேன். கோடைக்காலம், தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கியது. அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. எனக்கு வேலை கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஒட்டுண்ணிப் பாடம் மனப்பாடம். செவுளில் ஒட்டுண்ணி என்று உடனே தீர்மானித்துவிட்டேன். லேப்புக்கு ஓடி, ஸ்லைடுக்குச் சாயம் போட வைத்திருந்த மெதிலீன் புளூவில் சின்ன பாட்டில் எடுத்துவந்து தொட்டியில் ஊற்றினேன். அந்தக் கரைசல் ஸ்பிரிட் கலந்தது. அதையும் யோசிக்கவில்லை. காலையில் நீலத் தண்ணீரின் அடியில் ஆறும் பக்கவாட்டில் கிடந்தன.

அண்ணன் வந்ததும், "ஏதோ நோய் வந்துடுச்சு, மருந்து போட்டும் கேக்கலை" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். அந்த மாதமே தொட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மீன் வளர்க்கவே இல்லை. மீனைக் கொன்றது குழாய்த் தண்ணீரின் குளோரின் என்பதும், செவுளை அது பொசுக்கிவிடும் என்பதும் எனக்குச் சில வருடம் கழித்துத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அண்ணனிடம் சொல்லவில்லை.

சொல்லப்போனால் மருந்து தெருமுனையில் இருந்திருக்கிறது. போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று ஒரு படிக உப்பு இருக்குமே, சோடியம் தயோசல்பேட், அதில் ஒரு சிட்டிகை போதும், குளோரின் காணாமல் போய்விடும். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819லேயே கண்டுபிடித்தார். இருபது வருடம் கழித்துப் புகைப்படக்கலை வந்தபோது அது படத்தை நிலைநிறுத்தப் பயன்பட்டது. மீன் வளர்ப்பவர்கள் அதையே பிறகு தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். குளோரினையும் குறை சொல்ல மாட்டேன். காலராவும் டைஃபாய்டும் வந்த மலங்களைப் பார்த்தவன் நான். மனிதனைக் காப்பாற்றிய அதே பொருள் மீனுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

அந்த நீலச் சாயத்தின் பிறப்பும் சுவாரசியமானதுதான். 1876ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியில் ஹைன்ரிஷ் காரோ என்னும் ரசாயனர் துணிக்குச் சாயம் தேடும்போது உருவாக்கினார். 1882ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்ணுக்குக் காட்டியது இந்தச் சாயத்தின் உதவியால். 1891ல் பால் எர்லிக்கும் குட்மனும் மலேரியா நோயாளிகளுக்கே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொழிற்சாலையில் செய்த ஒரு சாயம் மனிதனின் நோய்க்கு மருந்தானது அப்போதுதான். அதே 1876ல் ஃபூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் நன்னீர் மீன்களின் தோலில் உப்புக்கல் தூவியதுபோல வரும் வெள்ளைப் புள்ளிகளை ஆராய்ந்து, அதற்குள் ஓர் ஒற்றைச் செல் உயிர் சுருண்டு கிடப்பதைக் கண்டு பெயர் வைத்தார். சாயமும் புள்ளியும் ஒரே வருடத்தில் பிறந்து, பின்னால் மீன் தொட்டிகளில் சந்தித்துக்கொண்டன. அந்த நோய்க்கு நீல மருந்தைப் போடுவதில் ஒரு நியாயம் உண்டு. எல்லாவற்றுக்கும் அதையே ஊற்றுவதில் கிடையாது. தொட்டியில் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும்.

மீனுக்கு நோய் வரும், அதைப் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் வெகு காலம் இல்லை. செத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மீன் வாங்குவதுதான் வழக்கம், இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். மியூனிக்கில் புரூனோ ஹோஃபர் என்னும் பேராசிரியர் 1904ல் மீன் நோய்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். இந்தத் துறைக்கு அவரைத் தகப்பன் என்கிறார்கள். அவருக்கும் முன்னால் பெர்லினில் மார்கஸ் பிளாக் என்று ஒரு மருத்துவர் இருந்தார். குடல் புழுக்களைப் பற்றி 1782ல் எழுதிப் பரிசு வாங்கியவர். மீன்களைப் பற்றிப் பெரிய பெரிய வண்ணப் படங்களோடு தொகுதி தொகுதியாக எழுதியதும் அவர்தான்.

அந்தப் பிளாக்குக்கு மீன்கள் எங்கிருந்து போயின தெரியுமா? நம் தரங்கம்பாடியிலிருந்தும் போயின. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார் மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பினார். நன்றிக்கு அவர் பெயரையே ஒரு மீன் இனத்துக்கு வைத்தார் பிளாக். நாம் கத்தாளை என்று வாங்கிக் குழம்பு வைக்கிறோமே, அந்தக் கூட்டத்தில் சில மீன்களுக்கு விஞ்ஞானப் பெயர் இன்றும் ஜானியஸ்.

பீமனின் உறவுக்காரர்களுக்கும் பிளாக்தான் பெயர் வைத்தார். ஆஸ்கார், ஏஞ்சல் எல்லாம் சிக்ளிட் என்னும் குடும்பம். பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா. ஆனால் இந்தியாவுக்கென்று மூன்று சிக்ளிட் உண்டு. ஒன்று கேரளத்தின் கரிமீன், 1790ல் பிளாக் பெயரிட்டது. இன்னொன்று நம் காயல்களிலும் ஏரிகளிலும் இருக்கும் செல்லக்காசு, 1795. மூன்றாவது கர்நாடகப் பக்கத்தது. அதைப் பின்னாளில் எழுதியவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரில் இருக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் சிக்ளிட்தான், ஆனால் அது 1952ல் கொண்டுவந்து விட்ட விருந்தாளி. வந்தவன் போகவில்லை, வீட்டையே பிடித்துக்கொண்டான்.

ஆஸ்காரின் ஜாதகம் இன்னும் வேடிக்கை. பிரேசிலிலிருந்து ஸ்பிக்ஸ் கொண்டுவந்த மீன்களை ஆராய்ந்த லூயி அகாசி, 1831ல் இதற்குப் பெயர் வைத்தபோது இது கடல் மீன் என்று நினைத்து, ஒரு கடல் மீன் இனத்தோடு சேர்த்துவிட்டார். ஆற்று மீனைக் கடலில் போட்டது எவ்வளவு பெரிய ஆள் பாருங்கள். இருபத்து நான்கு வயது அப்போது அவருக்கு. என் 1979 வயதும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சரி, பீமனுக்கு வருவோம். இந்த முறை பாட்டிலைத் தொடாமல் முதலில் தண்ணீரைப் பார்த்தேன்.

லேப்பில் அம்மோனியா பார்க்க நெஸ்லர் கரைசல் வைத்திருப்போம், அதில் பாதரசம் உண்டு. இப்போது நனைத்துப் பார்க்கும் பட்டிகள் கடையிலேயே கிடைக்கின்றன. அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. நைட்ரேட் பட்டி மட்டும் நனைத்த ஒரு நிமிடத்தில் குங்குமமாகச் சிவந்தது. டப்பாவில் போட்டிருந்த வண்ண அட்டவணைப்படி லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். குழாய்த் தண்ணீரையும் ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். ஒப்பிட ஒரு கன்ட்ரோல் இல்லாத பரிசோதனை பரிசோதனையே இல்லை என்று எங்கள் சீஃப் சொல்வார். குழாய்த் தண்ணீரில் பட்டி அரைகுறையாக வெளிறிய ரோஜா. ஆக, சிவப்பு தொட்டியில் சேர்ந்தது.

எப்படிச் சேர்ந்தது என்பதற்கு 1877க்குப் போக வேண்டும். பாரிஸில் ஷ்லோசிங், மன்ட்ஸ் என்று இருவர் நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி மேலிருந்து சாக்கடை நீரை விட்டார்கள். சில நாள் கழித்து, போன அம்மோனியா கீழே நைட்ரேட்டாக வர ஆரம்பித்தது. குளோரோஃபார்மை உள்ளே விட்டதும் மாற்றம் நின்றுவிட்டது. மயக்க மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்றால் வேலை செய்தது மணல் அல்ல, உயிருள்ள ஏதோ ஒன்று. 1890ல் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டினார். நம் மீன் தொட்டி ஃபில்டரில் ஸ்பாஞ்சு என்று ஒன்று இருக்கிறதே, அது அந்த மணல் குழாயின் பேரப்பிள்ளை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கிக் கொடுக்கும். நைட்ரேட்டை வெளியே கொண்டுபோவது வீட்டுக்காரன் வேலை, வாளியால்.

அந்த வேலையை நான் செய்யவில்லை. பேரன் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான்: வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றவும். முதல் ஆறு மாதம் செய்தேன். பிறகு முழங்கால் வலி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு ஞாபகம் வரும்போது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது, அதனால் மனசாட்சியும் தூங்கியது. தீனி டப்பாவைப் பார்த்தேன். தள்ளுபடியில் வாங்கிய பெரிய டப்பா, திறந்து ஒன்றரை வருடம். நம் ஊர் வெக்கையில் திறந்த டப்பாவில் வைட்டமின் சி எங்கே நிற்கும்? மீனுக்கும் அது தேவை.

எண்பத்தொன்பது வயதுக் கிழவருக்குப் பிள்ளைகள் படுக்கைப் புண் வரவிட்டதை எத்தனையோ முறை லேப்பில் உட்கார்ந்து விமரிசித்திருக்கிறேன். அன்றைக்குத் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவன் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. மனைவி வந்து, "என்ன, மீனுக்குப் பேய் ஓட்டறீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்தது அந்த வெள்ளை நூல். ஓய்வு பெற்றபோது எனக்கென்று நானே வாங்கிக்கொண்ட ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது, அம்பாலாவில் செய்த மாணவர் மாடல். பிள்ளைகளுக்குக் கொசுவின் கால் காட்டியதைத் தவிர அதற்கு வேலை இல்லை. காலையில் பீமன் நூல் விடும் நேரம் பார்த்து ஒரு சின்ன ரப்பர் ட்யூபால் உறிஞ்சி எடுத்தேன். மலம் ஆறிப்போனால் பயனில்லை. உள்ளிருக்கும் உயிர்கள் அசைவை நிறுத்திவிட்டால் எது எதுவென்று தெரியாது. உடனே ஒரு துளி தொட்டித் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப் போட்டு, நானூறு மடங்கில் பார்த்தேன்.

கூட்டம். எள்ளின் வடிவில், உடம்பே தெரியாமல் ஓட்டம் மட்டும் தெரிகிற வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக. எந்த மூலைக்கு ஸ்லைடை நகர்த்தினாலும் பத்து இருபது.

எனக்கு அது புது முகம் இல்லை. அதன் பெரியப்பா பிள்ளையை முப்பத்து மூன்று வருடம் பார்த்திருக்கிறேன். ஜியார்டியா. குழந்தைகளுக்கு எண்ணெய்ப் பிசுக்காக வயிற்றுப்போக்கு வரவைக்கும். 1681ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரி லீவன்ஹூக், தனக்கு வயிறு கெட்டபோது தன் மலத்தையே தன் கைலென்ஸில் வைத்துப் பார்த்து அதைக் கண்டார். எங்கள் தொழிலுக்கு ஆதிகுரு என்று அவரைத்தான் சொல்வேன். பிராகில் லாம்பல் என்னும் மருத்துவர் 1859ல் அதை விவரமாக வரைந்தார். ஜியார்டியா காற்றில் விழும் இலைபோலப் புரண்டு புரண்டு போகும். மீனில் பார்த்தது புரளவில்லை, அம்பு மாதிரி நேராகப் போனது. இதை மீன்காரர்கள் பொதுவாக ஹெக்சமிட்டா என்பார்கள். ஏஞ்சல் மீனின் குடலில் இருந்த ஒரு வகையைத் தனியாகப் பிரித்து 1995ல் ஸ்பைரோநியூக்ளியஸ் வோர்டென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2001ல் பால், மேத்யூஸ் என்னும் இருவர், தலையில் குழி விழுந்த சிக்ளிட் மீன்களின் உள்ளுறுப்புகளிலும் குழியிலும் அதே உயிரைக் கண்டு, இது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். "இருக்கலாம்" என்றுதான் எழுதினார்கள். ஆரோக்கியமான மீன் குடலிலும் இது நாலைந்து இருக்கும். அழுக்கு நீர், சத்தில்லாத தீனி, வேறு வகை மீன்களில் ஃபில்டர் கரித்தூள் கூட என்று வெவ்வேறு குற்றவாளிகளைக் கைகாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஸ்லைடில் இருந்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: குடியிருந்தவர்கள் பழைய ஆட்கள்தான், பல்கிப் பெருக இடம் கொடுத்தது தண்ணீரும் தீனியும், அதாவது நான்.

கால்நடை மருத்துவரான நண்பரிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஃப்ளாஜில்தான்யா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத தமிழன் ஒவ்வொருவனும் தின்ற மாத்திரை.

மெட்ரோனிடசோல் என்பது அதன் நிஜப்பெயர். 1950களில் ஜப்பானியர்கள் மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரிலிருந்து அசோமைசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதைப் பார்த்துப் பிரான்ஸின் ரோன்-பூலாங்க் கம்பெனி நூற்றுக்கணக்கில் அதே சாயலில் ரசாயனங்களைச் செய்து பார்த்து, பெண்களுக்கு வரும் டிரைகோமோனாஸ் தொற்றுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. 1960ல் விற்பனைக்கு வந்தது. 1962ல் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி அந்தத் தொற்றுக்கு இதைச் சாப்பிட, வாயில் இருந்த ஈறு அழற்சியும் சேர்ந்து போய்விட்டது. அவளே அதைச் சொல்லி, மருத்துவர் எழுதி வைக்க, காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்கும் இது எமன் என்று தெரிந்தது. 1966ல் டர்பனில் பவலும் அவர் கூட்டாளிகளும் சீதபேதிக்கும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் அமீபாவுக்கு எமெட்டின் ஊசிதான். அந்த ஊசி போட்டவர்களை நெஞ்சு படபடப்புக்குப் பயந்து படுக்கவைத்திருந்ததைப் பழைய நர்ஸம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நண்பர் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 மில்லிகிராம், ஐந்து நாள், தீனியில் கலந்து. பீமனின் எடை தெரிய வேண்டுமே. சமையலறைத் தராசில் பாதி வாளித் தண்ணீரை நிறுத்தி, பீமனை வலையில் அள்ளி உள்ளே விட்டு, மறுபடி பார்த்தேன். 420 கிராம். கூடம் முழுக்கத் தண்ணீர். நாளுக்கு 20 மில்லிகிராம் சுமார். 200 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைப் பொடித்து 20 கிராம் இறால் மசியலில் கலந்து ஐந்து பங்காக்கினால் கணக்குச் சரி. மசியல் தண்ணீரில் கரையாமல் இருக்கக் கடல்பாசி காய்ச்சி, சூடு தணிந்ததும் சேர்த்தாள் மனைவி. என் இட்லிக்கு இவ்வளவு பக்குவம் பார்த்து நான் கண்டதில்லை.

முதல் நாள் வாங்கி, உடனே துப்பினான். ஃப்ளாஜில் கசப்பு நமக்கே தெரியும், தகரத்தை நக்கியதுபோல் இருக்கும். "பூண்டுச் சாறு கொஞ்சம் விடலாமா?" என்றாள். விட்டோம். இரண்டாம் நாள் விழுங்கினான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்து கலக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு வளர்க்கும் மீனுக்கு இந்த மருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பீமன் குழம்புக்குப் போகிறவன் இல்லை.

தண்ணீரை ஒரேயடியாக மாற்றவில்லை. பல மாதம் கெட்டுப் பழகிய மீனைத் திடீரென்று சுத்தத்தில் விட்டால் அதுவே அடி. முதல் நாள் பிடித்து வைத்து ஹைப்போ போட்ட தண்ணீரில் ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு மாற்றினேன். வாளி தூக்க என்னால் முடியாது என்று எதிர்வீட்டுப் பையன் ஒரு சின்ன மோட்டார் கொண்டுவந்து மாட்டினான். இது ஆறு மாதத்துக்கு முன்னால் தோன்றியிருக்க வேண்டும்.

ஏழாம் நாள் மலம் கறுத்தது. ஸ்லைடில் தேடித் தேடி ஒன்றோ இரண்டோ. குழிகள் இன்னும் மூடவில்லை, ஓரம் மட்டும் மெல்ல வளர்கிறது. வடு நிற்கும் என்கிறார் நண்பர். பேரனுக்கு வீடியோ காலில் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அட்டவணைத் தாளை நான் மதிக்காததையும் சொன்னேன். "பரவாயில்ல தாத்தா, எனக்கு ஒரு வாட்ஸப் போட்டிருந்தா ஞாபகப்படுத்தியிருப்பேனே" என்றான்.

அவனிடம் சொன்ன பிறகு இன்னொரு இடத்திலும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அண்ணனுக்கு இப்போது எண்பத்து மூன்று. கும்பகோணத்தில் மகளோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். ஃபோன் போட்டு, பீமன் கதையில் ஆரம்பித்து, பெரம்பூர் தொட்டிக்கு வந்தேன்.

"அண்ணே, அந்த ஏஞ்சலுக்கு நோயெல்லாம் ஒண்ணுமில்லே. நான் குழாய்த் தண்ணியை நேரா விட்டுட்டேன்."

சற்று நேரம் சத்தமில்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்டா" என்றார். "வந்து பாத்தப்போ குழாயில ரப்பர் ட்யூப் அப்படியே மாட்டியிருந்துச்சு. நீதான் கழட்ட மறந்துட்டே."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

"நீதான் நோய்னுட்டியே. லேப்ல வேலை பாக்கிறவன் வேற." சிரித்தார். பிறகு, "உன் மீன் இப்போ என்ன சாப்பிடுது?" என்று கேட்டார்.